யார் எடுத்த படம் என்று கேட்கிற பிள்ளைகள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கிற பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றியும் அவற்றை எடுத்த இயக்குநர்களைப் பற்றியும் ரசிகர்கள் போடும் வாதம் ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? இதுதான் இன்றைய தலைப்பு. வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "யாரோ பணம் போட்டு எடுக்கிற படத்துக்கு நம் பிள்ளைகள் தொண்டை வறளக் கத்துகிறார்கள், இதில் ரசனை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஹாலிவுட்டின் மூத்த இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸியையும் துணைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் பதில் உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

ரசனை எங்கே இருக்கிறது என்று கேட்டாரே, அதைக் காட்டுகிறேன். 2002-இல் சாம் ரெய்மி முதல் ஸ்பைடர்மேன் படத்தை எடுத்தார். காமிக்ஸில் ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டர் பார்க்கர் வலை வீசும் கருவியைத் தானே உருவாக்கி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான். ரெய்மி அதை மாற்றிவிட்டார். அவர் படத்தில் வலை அந்தப் பையனின் கையிலிருந்தே வரும். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கருவிதான் பீட்டரின் மூளைக்கு அடையாளம், ஏழை வீட்டுப் பையன் தன் அறிவால் ஜெயிக்கிறான் என்பதே கதை, அதைப் பறித்துவிட்டீர்களே என்றது ஒரு கூட்டம். இல்லை, பதினாறு பதினேழு வயதில் ஒரு பையனின் உடம்பில் அவனைக் கேட்காமலே என்னென்னவோ நடக்கிறது, வெட்கப்படுகிறான், பயப்படுகிறான், யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறான், கையிலிருந்து வலை வருவது அந்த வயதின் தவிப்புதான் என்றது இன்னொரு கூட்டம்.

நடுவர் அவர்களே, இந்த இரண்டு வாதத்தையும் இன்னொரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பாத்திரத்தின் உயிர் எது, அதில் எதை மாற்றலாம், எதை மாற்றினால் அவன் வேறொருவன் ஆகிவிடுவான் என்கிற கேள்வி இது. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிப்பவர்கள் ஒரு பருவம் முழுக்கப் பேசுகிற கேள்வி. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல், மதிப்பெண்ணுக்காகவும் இல்லாமல், பள்ளிப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

அப்புறம் 2004-இல் இரண்டாவது படம். அதில் வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் இயந்திரக் கைகள் அறுவை சிகிச்சை அறையில் உயிர்பெற்று எழும் காட்சி நினைவிருக்கிறதா? பின்னணி இசையே கிடையாது. அலறலும் சுவரில் ஆடும் நிழலும்தான். பிள்ளைகள் பார்க்கும் படத்தில் இவ்வளவு பயங்கரமான காட்சி எப்படி வந்தது என்று என் அக்கா மகன் தன் நண்பர்களோடு ஈசூன் கோப்பிக்கடையில் உட்கார்ந்து வாதாடியிருக்கிறான். அவர்களில் ஒருவன், "ரெய்மி பேய்ப்பட ஆளுடா, அதான் அப்படி" என்று சொல்லியிருக்கிறான். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. வாதத்தில் தோற்கக் கூடாது என்பதற்காகவே ரெய்மி 1981-இல் மிகக் குறைந்த செலவில் எடுத்த திகில் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். கேமரா ஓடுகிற விதம், கோணலான காட்சிகள் எல்லாமே அங்கே இருந்தன. ஒரு கலைஞனின் கையெழுத்து இருபது வருடம் கழித்தும் மாறாமல் இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். அவனை அந்தப் படத்திடம் கூட்டிக்கொண்டு போனது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை, நண்பர்களோடு போட்ட வாதம்தான்.

ரெய்மிக்குப் பிறகு அதே பீட்டர் பார்க்கரை மார்க் வெப் எடுத்தார், ஜான் வாட்ஸ் எடுத்தார். வெப் அதற்கு முன் ஒரு காதல் படத்தால் பெயர் வாங்கியவர். அதனால்தான் அவருடைய ஸ்பைடர்மேனில் பீட்டரும் அவன் காதலி குவென்னும் பேசிக்கொள்ளும் இடங்கள் சண்டைக் காட்சிகளைவிட நன்றாக இருக்கும். இந்த வெப், 2014 மார்ச்சில் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், எம்மா ஸ்டோன், ஜேமி ஃபாக்ஸ் ஆகியோருடன் ஒரு மணி நேரம் விளக்கை அணைக்கும் பூமி நேர நிகழ்ச்சிக்காக நம் சிங்கப்பூர் மரினா பேக்கே வந்தார். 2018 ஏப்ரலில் அவெஞ்சர்ஸ் நடிகர்கள் மரினா பே சாண்ட்ஸுக்கு வந்தபோது இயக்குநர் ஜோ ருஸ்ஸோவும் கூட வந்தார். நடிகரைப் பார்க்கக் கூட்டம் கூடுவது எல்லா ஊரிலும் உண்டு. கூட வந்த இயக்குநர் யார், இதற்கு முன் என்ன எடுத்தார் என்று தெரிந்துகொண்டு வந்து நிற்கிற பிள்ளையை உருவாக்கியது இந்த வாதங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பழக்கம் ஹாலிவுட்டோடு நிற்கவும் இல்லை. 2021-இல் பாசில் ஜோசப் எடுத்த மலையாளப் படம் மின்னல் முரளி வந்தது. ஒரு கிராமத்துத் தையற்காரன் நாயகன், டீக்கடையில் வேலை செய்யும் ஒருவன் வில்லன். அந்த வில்லனின் காதல் நாயகனின் கதையைவிட ஏன் நம்மை அதிகம் உலுக்குகிறது, அது இயக்குநர் வேண்டுமென்றே செய்ததா என்று நம் பிள்ளைகள் பேசினார்கள். ஸ்பைடர்மேன் போன்ற மார்வெல் படங்களுக்காக வாதாடிப் பழகிய கண்தான் அதையும் பார்த்தது.

சரி, இப்போது பெரிய சாட்சிக்கு வருகிறேன். பேட்மேனும் சூப்பர்மேனும் சேர்ந்து வரும் ஜஸ்டிஸ் லீக்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்த ஜாக் ஸ்னைடர் தன் மகளை இழந்தார். 2017 மே மாதம் படத்திலிருந்து விலகினார். இன்னொரு இயக்குநர் ஜாஸ் வீடன் வந்து பல காட்சிகளைப் புதிதாக எடுத்து, இரண்டு மணி நேரப் படமாகச் சுருக்கினார். நவம்பரில் படம் வெளியானது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று ரசிகர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது? சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், அதை எடுக்க அனுமதி இல்லை. மறுபடி எடுத்த காட்சிகளில் அந்த மீசையைக் கணினியில் அழித்தார்கள். மேலுதடு சரியாக அமையவில்லை. அந்த உதட்டைப் பார்த்தே, இந்தக் காட்சி வீடன் எடுத்தது, இது ஸ்னைடர் எடுத்தது என்று ரசிகர்கள் பிரித்துக் காட்டினார்கள். பிறகு ஒளியைப் பார்த்தார்கள், வண்ணத்தைப் பார்த்தார்கள், வசனத்தின் தொனியைக் கேட்டார்கள். ஒரு படத்துக்குள் இரண்டு பேரின் கை இருப்பதைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஸ்னைடரின் படத்தை வெளியிடுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். 2021 மார்ச் 18-ஆம் தேதி அது வந்தது. 242 நிமிடம். நம் ஊரில் எச்பிஓ கோ என்ற இணையச் சேவையில் பார்த்தோம். அதே நடிகர்கள், அதே கதைச் சுருக்கம், ஆனால் வேறு படம். முதலில் வந்ததில், நாயகர்களில் ஒருவனான சைபார்க் ஓரத்தில் நிற்கிற ஆள். இதில் அவனும் அவன் அப்பாவும்தான் படத்தின் நெஞ்சு. விபத்தில் பாதி உடம்பை இழந்த மகன், அவனை இயந்திரமாக்கிக் காப்பாற்றிய அப்பா, அப்பாவை மன்னிக்க முடியாத மகன். இதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் முதலில் நமக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கோபமே வந்தது. படத்தொகுப்பு என்றால் என்ன என்பதை அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாடம் கிடைத்தது ரசிகர்கள் விடாமல் வாதாடியதால்தான்.

அந்த ரசிகர்கள் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு 5 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தார்கள். ஸ்னைடரின் மகளை நினைத்துச் செய்தது அது. எதிரணி நண்பர் இவர்களைத்தான் வெறிக்கூட்டம் என்றார்.

அந்த இயக்கத்தில் பொய்க் கணக்குகள் கலந்திருந்தன என்று 2022-இல் செய்தி வந்ததே, ஆட்களைத் திட்டினார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நான் மறைக்கவில்லை. அதைவிட மோசமானதையும் நானே சொல்கிறேன். 2019-இல் கேப்டன் மார்வெல் வருவதற்கு முன்பே, படத்தைப் பார்க்காமலே, ஒரு பெண்ணை நாயகியாக்கியதற்காக அதன் மேல் சேற்றை வாரி வீசினார்கள். பட விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம், படம் வெளியாகும் முன் கருத்து எழுதும் வசதியையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஆனால் நடுவர் அவர்களே, படத்தையே பார்க்காதவன் எதைப் பற்றி வாதாடினான்? ரெய்மியின் வலைக்காக மல்லுக்கட்டியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, திரும்பவும் பார்த்துவிட்டுப் பேசியவர்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டித் தீர்ப்பு கேட்பது நியாயம் இல்லை.

இந்த வேறுபாடு நம் முன்னோருக்கு நன்றாகத் தெரியும். மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசு அறைகிறான் வள்ளுவன், குறள் எழுதியவர் இல்லை, அரசனின் முரசறைவோன். சமய வாதிகளே, பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று அழைக்கிறான். அடுத்த வரியிலேயே, "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறான். பகைவரே எதிரில் வந்தாலும் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள். வாதத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தவன் கலகத்தை மட்டும் தடுத்தான். எதிரணியோ கலகத்தைக் காட்டி மேடையையே கலைக்கச் சொல்கிறது.

ரசிகர்கள் எப்போதும் சரியாகத்தான் சொல்வார்கள் என்று நான் வாதாட வரவில்லை. 1989-இல் டிம் பர்ட்டன் எடுத்த பேட்மேனுக்கு, நகைச்சுவை நடிகர் என்று பெயர் வாங்கிய மைக்கேல் கீட்டனைப் போட்டபோது எதிர்ப்புக் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. ஹீத் லெட்ஜர் பேட்மேனின் எதிரி ஜோக்கராக நடிக்கப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தபோதும் கேலி செய்தார்கள். 2008-இல் தி டார்க் நைட் வந்தது. அதற்குள் லெட்ஜர் இறந்துபோயிருந்தார். கேலி செய்தவர்களே திரையரங்கில் கண்கலங்கினார்கள், அடுத்த ஆண்டு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது கொண்டாடினார்கள். பார்த்தபின் மனம் மாறத் தெரிந்திருக்கிறதே, அதைவிட ரசனைக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

பர்ட்டனின் இரண்டாவது பேட்மேன் 1992-இல் வந்தது. மிக இருண்ட படம். துரித உணவுக் கடையில் பிள்ளைகளுக்கான சாப்பாட்டோடு அந்தப் படத்தின் பொம்மைகளையும் கொடுத்ததால் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். ஸ்டூடியோ இயக்குநரை மாற்றியது. ஜோயல் ஷூமேக்கர் வந்தார், படம் வெளிச்சமாகவும் வண்ணமாகவும் ஆனது. 1997-இல் அவருடைய இரண்டாவது படம் விழுந்தது, 2005-இல் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் வரும்வரை திரையில் பேட்மேன் படமே இல்லை. ஷூமேக்கர் ஏமாந்த ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். முதலில் அவரைத் திட்டிய ரசிகர்கள் பேசிப் பேசி, பொம்மை விற்பதற்காகப் படத்தை வளைத்த ஸ்டூடியோ வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு படம் ஏன் கெட்டுப் போகிறது என்று பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையை இனி எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இப்போது ஸ்கோர்செஸி. 2019-இல் அவர் மார்வெல் படங்களைக் கேளிக்கைப் பூங்காவோடு ஒப்பிட்டார், அவை சினிமா இல்லை என்றார். எதிரணி அதோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதமே அவர் எழுதிய கட்டுரையில், தனி ஒரு கலைஞனின் பார்வை படத்தை ஒன்றாக இணைக்க வேண்டும், அந்தக் கலைஞன்தான் இன்றைய வியாபாரத்துக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறான் என்று வருந்தினார். ஸ்னைடரின் படத்தைக் கொடு என்று கேட்டவர்களும், 2014-இல் இயக்குநர் எட்கர் ரைட் மார்வெலின் ஆன்ட்மேன் படத்திலிருந்து விலகியபோது வருந்தியவர்களும் வேறு எதைக் கேட்டார்கள்? ஸ்கோர்செஸி எதைத் தேடினாரோ, அதைத்தான் இந்தப் படங்களுக்குள்ளேயே ரசிகர்கள் தேடினார்கள். அவர் எங்கள் அணிக்குத்தான் சாட்சி.

கடைசியாக ஒன்று. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்று கம்பன் விழா மேடைகளில் எத்தனை முறை வாதாடியிருப்பார்கள்! கம்பன் எங்கே வால்மீகியை விட்டு விலகினான், ஏன் விலகினான் என்று வீதியில் போகிறவருக்கும் தெரியவந்தது அந்த வாதங்களால். வாதம் வந்ததால் கம்பனைப் படிப்பவர்களின் ரசனை கெட்டது என்று எதிரணியில் ஒருவராவது சொல்வாரா? பீட்டர் பார்க்கருக்காக வாதாடும் பிள்ளை மட்டும் ஏன் கெட்டுப்போவான்?

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடரட்டும். 2017-இல் ரசிகர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், சைபார்க்கும் அவன் அப்பாவும் பேசும் அந்தக் காட்சிகளை இன்று நீங்களோ நானோ பார்த்திருப்போமா?

நன்றி, வணக்கம்.