மிருதங்கத்துக்குப் பின்னால் ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கேசட் கிடக்கலாம். கல்யாணக் கச்சேரியோ, கோயில் நவராத்திரியோ. போட்டுக் கேட்டால் மிருதங்கம் காதைப் பிளக்கும். பாடுகிறவரோ அடுத்த தெருவில் நின்று பாடுவது போல இருக்கும். அந்தக் குரலை எப்படி முன்னுக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒருநாள் ஓர் அம்மாள் இப்படி ஒரு கேசட்டோடு வந்தார். "எங்க அம்மா கோயில்ல பாடினது சார். அவங்க குரல்னு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம் உட்காரும், அதன் வலப்பக்க முகமான வலந்தலை சபையைப் பார்த்திருக்கும், இல்லையா? டேப் ரெக்கார்டரை யாரோ சரியாக அதற்கு எதிரில் வைத்துவிட்டார்கள்.

முதலில் எல்லோரும் செய்வது, சத்தத்தைக் கூட்டுவது. கூட்டினால் மிருதங்கமும் சேர்ந்து கூடும். ஒரே மைக்கில் எல்லாம் கலந்து பதிந்தது அல்லவா! அதனால் நான் எப்போதும் சொல்வது இதுதான்: குரலை ஏற்றப் பார்க்காதீர்கள், குரலை மறைப்பதை இறக்குங்கள்.

அவருடைய அம்மா பாடியது ஐந்து கட்டைச் சுருதியில். ஷட்ஜம், அதாவது ஆதாரமான 'ஸ', ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழுள்ள 'ப', அதாவது மந்தர பஞ்சமம் வரை இறங்கினாலும் 147தான். அதற்குக் கீழே அவர் குரலே கிடையாது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியும் மேடை அதிர்வும்தான் இருக்கின்றன. ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தைத் தாராளமாகக் குறைத்தேன். அறைக் கதவைத் திறந்தது போலக் குரல் வெளியே வந்தது. அப்புறம் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை, சொற்கள் தெளியும் இடம், அங்கே இரண்டு மூன்று டெசிபல் கூட்டினேன். அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் வயலின் கீச்சிடும்.

மீதி வேலை கைவேலை. சரணத்தில் அவர் வயலின்காரர் பக்கம் திரும்பியிருக்கிறார் போல, வரிக் கடைசியில் குரல் தேய்ந்து போகும். அங்கே மட்டும் ஒலியளவை மெல்ல ஏற்றி, அடுத்த எடுப்பில் இறக்க வேண்டும். வரிக்கு வரி இப்படித்தான். எட்டு நிமிடக் கீர்த்தனைக்கு இரண்டு மாலைகள் ஆயின. கேட்டுக்கொண்டிருந்த மகள், ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கு முன்னால் சட்டென்று கையைப் பிடித்தார். "இது அம்மா மூச்சு வாங்கற சத்தம்" என்றார். அதுவரை அதை டேப் இரைச்சல் என்று நினைத்து எடுத்துவிடப் பார்த்தேன். மறுபடியும் சொல்கிறேன், இறக்குங்கள், ஆனால் எதை இறக்குகிறோம் என்று கேட்டு இறக்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குரலைத் தனியாகப் பிரிப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பீட்டில்ஸ் குழுவினர் ஜான் லெனனின் பழைய கேசட்டில் பியானோவுக்குள் அமுங்கிய குரலை அப்படித்தான் பிரித்தெடுத்து, 2023-ல் பாட்டாக வெளியிட்டார்கள். நம் கச்சேரியில் சிக்கல் வேறு. வயலின் குரலின் கமகத்தை, அதாவது ஸ்வரங்களின் அசைவை, அப்படியே பின்தொடர்வதால், பிரிக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கேசட்டைக் கணினியில் ஏற்றியதும் அந்த முதல் பதிவைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். திருத்துவதெல்லாம் நகலில் இருக்கட்டும். வணக்கம்.