நிறுவனங்கள் எழுதிக்கொடுத்ததில் தேடுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். பங்குச் சந்தை என்றாலே எல்லோரும் எண்களைத்தான் பேசுவார்கள். விலை, லாபம், சதவீதம் என்று போகும். நான் இன்று பேச வந்தது நிறுவனங்கள் எழுதும் வாக்கியங்களைப் பற்றி. அமெரிக்கப் பங்குச் சந்தைகளில் உள்ள நிறுவனங்கள் அங்குள்ள கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி.யிடம் ஆண்டுதோறும் 10-கே என்ற அறிக்கையைக் கொடுக்க வேண்டும். காலாண்டுக்கு 10-கியூ. திடீரென ஏதாவது முக்கியமாக நடந்துவிட்டால், பெரும்பாலும் நான்கு வேலை நாட்களுக்குள் 8-கே. இவை எல்லாம் எட்கார் என்ற இணையக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கின்றன. கட்டணம் கிடையாது.

இது இலவசமாக வந்த கதையே சுவையானது. 1990-களின் தொடக்கத்தில் இந்த ஆவணங்களை மின்வடிவில் பார்க்க வேண்டும் என்றால் தனியார் தரவு நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். கார்ல் மாலமுட் என்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அரசின் ஆராய்ச்சி நிதியுதவியில், அவற்றை இணையத்தில் போடத் தொடங்கினார். 1995-இல் ‘இனி நான் நடத்தப்போவதில்லை, ஆணையமே நடத்தட்டும்’ என்று அறிவித்தார். அதற்குள் அதைப் பயன்படுத்திப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது, எஸ்.இ.சி. பொறுப்பை ஏற்றது. வானொலியில் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அதே மாலமுட்தான் 1993-இல் இணையத்தில் வானொலி நிகழ்ச்சி நடத்திய முன்னோடிகளில் ஒருவர்.

சரி, இன்றைய நிலைக்கு வருவோம். எட்காரில் முழு உரைத் தேடல் என்று ஒரு வசதி இருக்கிறது. 2001 முதல் தாக்கலான ஆவணங்களின் உள்ளே, அவற்றோடு வரும் இணைப்புகளின் உள்ளேயும், ஒரு சொல்லையோ தொடரையோ தேடலாம். தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரும் இடங்கள் மட்டும் வரும். தேதி, நிறுவனம், படிவ வகை என்று வடிகட்டலாம். கருவியைப் பற்றி இவ்வளவு போதும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். என்ன சொல்லைத் தேடுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

வணிகவியல் ஆராய்ச்சி மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: உங்கள் மனதில் இருக்கும் சொல்லைத் தேடாதீர்கள், அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுதியிருக்கக்கூடிய சொல்லைத் தேடுங்கள். சென்னையோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் பார்ப்போம். காக்னிசன்ட் நிறுவனம் 2016 செப்டம்பர் 30 அன்று ஒரு 8-கே தாக்கல் செய்தது. இந்தியாவில் உள்ள வளாகங்கள் தொடர்பான சில கொடுப்பனவுகள் முறையின்றிச் செய்யப்பட்டனவா, அமெரிக்காவின் வெளிநாட்டு ஊழல் நடைமுறைகள் சட்டத்தை மீறியிருக்கக்கூடுமா என்று உள்விசாரணை நடப்பதாக அதில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் லஞ்சம் என்ற சொல் இல்லை. சென்னை என்ற ஊர்ப்பெயரும் இல்லை. ‘பிரைப்’, ‘சென்னை’ என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அதைத் தவறவிட்டிருப்பார். சட்டத்தின் முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, படிவத்தை 8-கே என்று வடிகட்டுபவர் கையில் அது சிக்கும். சென்னை வளாகத்துக்கான அனுமதிக்காக 20 லட்சம் டாலர் லஞ்சத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது என்று எஸ்.இ.சி. 2019 பிப்ரவரியில் சொன்னபோதுதான் விவரம் முழுதாக வெளிவந்தது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் சுமார் 2.5 கோடி டாலர் கட்ட நிறுவனம் சம்மதித்தது. முன்னாள் அதிகாரிகள் இருவர் மீதான குற்ற வழக்கை அமெரிக்க அரசு 2025-இல் கைவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நிறுவனங்கள் பொய் சொல்வதைவிட மங்கலாகச் சொல்வதுதான் அதிகம் என்பது என் எண்ணம். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் 2000-ஆம் ஆண்டுக்கான 10-கே, 2001 ஏப்ரலில் தாக்கலானது. நிதிநிலைக் குறிப்புகளில் 16-ஆவது குறிப்பைப் பாருங்கள். தங்கள் மூத்த அதிகாரி ஒருவரே நிர்வகிக்கும் கூட்டாண்மை நிறுவனங்களோடு என்ரான் பரிவர்த்தனை செய்ததாக அங்கே எழுதியே இருக்கிறது. மறைக்கவில்லை. ஆனால் அதனால் கணக்கில் என்ன விளைவு என்பது படிப்பவருக்குப் பிடிபடாது. ஜிம் சானோஸ் என்ற முதலீட்டாளர் 1999-ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தபோதே சந்தேகப்பட்டு, என்ரான் பங்கு விழும் என்று பணம் கட்டியவர். அந்தக் குறிப்புகளை மறுபடி மறுபடி படித்தும் தங்களுக்குப் புரியவில்லை என்று அவர் 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலாகியிருந்தது. புரியாத குறிப்பும் ஒரு தகவல்தான். ‘ரிலேட்டட் பார்ட்டி’, அதாவது நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவர், என்ற தொடரைத் தேடிப் போகும்போது, தெளிவாக எழுதியவர்களைத் தாண்டிப் போய், சுற்றி வளைத்து எழுதியவர்களிடம் நில்லுங்கள்.

அப்புறம், ‘ஆகலாம்’, ‘நேரலாம்’ என்ற வாக்கியங்கள். 10-கேயில் ரிஸ்க் ஃபேக்டர்ஸ், அதாவது இடர்க் காரணிகள், என்று ஒரு பகுதி உண்டு, 1ஏ என்று எண்ணிட்டிருக்கும். 2005-இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு அது ஆண்டறிக்கையிலும் கட்டாயம். நிலநடுக்கம் வரலாம், வாடிக்கையாளர் போகலாம், கணினிக்குள் யாராவது ஊடுருவலாம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். பலர் படிக்காமல் தள்ளுவார்கள், அலுப்பாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபேஸ்புக் வழக்கு அந்தப் பகுதியை வைத்துத்தான் வந்தது. பயனர்களின் தரவு தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று நிறுவனம் எழுதிக்கொண்டே இருந்தது. அப்படி நடந்துவிட்டது என்பது 2015-லேயே அதற்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் பயனர்களின் தரவு போன விவகாரம்தான் அது. 2018 மார்ச் வரை வாக்கியம் மாறவில்லை. நடந்ததை நடக்கலாம் என்று எழுதியதற்காக எஸ்.இ.சி. குற்றம் சாட்டி, 2019 ஜூலையில் 10 கோடி டாலர் அபராதம் வாங்கியது.

ஆகவே ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதோடு நின்றுவிடும் ஆய்வுகள் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. லக்ரன், மெக்டொனால்ட் என்ற இரு பேராசிரியர்கள் 2011-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உளவியல், சமூகவியல் ஆய்வுகளுக்காகத் தொகுக்கப்பட்ட ஹார்வர்ட் சொற்பட்டியலில் எதிர்மறை என்று குறித்த சொற்களை 10-கே அறிக்கைகளில் எண்ணினால், ஏறக்குறைய முக்கால்வாசி நிதி உலகில் எதிர்மறையே அல்ல. வரி, செலவு போன்றவை எந்த அறிக்கையிலும் வரும். மருந்து நிறுவனம் புற்றுநோய் என்று எழுதினால் அது அதன் தொழில். அவர்கள் நிதித்துறைக்கென்று தனிச் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள், அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

எண்ணுவதைவிட ஒப்பிடுவது பலன் தரும். கோஹன், மல்லாய், நுயென் என்ற மூவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் செய்தது அதைத்தான். சென்ற ஆண்டு அறிக்கையையும் இந்த ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு வாசகம் மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பழையதை அப்படியே நகலெடுக்கின்றன. மாற்றி எழுதியவற்றின் பங்குகள் பின்வந்த மாதங்களில் பின்தங்கின, அறிக்கை வந்த அன்று சந்தை அதைக் கவனிக்கவே இல்லை. வழக்கறிஞர் குழு ஒன்று பழைய பத்தியைத் தொட்டுத் திருத்துகிறது என்றால் யாரோ ஒருவர் தூக்கம் கெட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மாணவர்கள் கவனிக்காத இரண்டு இடங்களைக் காட்டிவிடுகிறேன். ஒன்று, 8-கேயில் 4.02 என்ற எண். ‘முன்பு வெளியிட்ட நிதிநிலை அறிக்கைகளை இனி நம்ப வேண்டாம்’ என்று நிறுவனமே சொல்லும் இடம் அது. இன்னொன்று, எஸ்.இ.சி. அதிகாரிகள் நிறுவனங்களுக்கு எழுதும் கேள்விக் கடிதங்களும் அவற்றுக்கு வரும் பதில்களும். ஆய்வு முடிந்து குறைந்தது 20 வேலை நாட்கள் கழித்து இவை பொதுவில் வரும். இந்த வருமானத்தை ஏன் இந்தக் காலாண்டில் காட்டினீர்கள் என்று ஓர் அதிகாரி மரியாதையாகக் கேட்பார். நிறுவனம் மூன்று பக்கத்தில் பதில் எழுதும். கணக்கியல் பாடப்புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது.

நிரல் எழுதி மொத்தமாக இறக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நொடிக்கு 10 கோரிக்கைக்கு மேல் அனுப்பக் கூடாது. நிரல் அனுப்பும் கோரிக்கையின் தலைப்புப் பகுதியில் நீங்கள் யார், தொடர்பு மின்னஞ்சல் என்ன என்று குறிப்பிட வேண்டும். மீறினால் உங்கள் கணினியின் முகவரியைச் சிறிது நேரம் தடுத்துவிடுவார்கள்.

நம் ஊர் நிறுவனங்களை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். இன்போசிஸ் 1999-இல் நாஸ்டாக்கில் பட்டியலானது, இப்போது நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது. அமெரிக்காவில் பட்டியலான வெளிநாட்டு நிறுவனங்கள் பொதுவாக 10-கேக்குப் பதிலாக 20-எஃப் கொடுக்கும், இன்போசிஸும் அப்படித்தான். அதே நிறுவனம் இந்தியப் பங்குதாரர்களுக்கும் ஆண்டறிக்கை வெளியிடுகிறது, அது பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம், இரண்டு ஆவணங்கள். இடர்களைப் பற்றி அங்கே எழுதியதில் எவை இங்கே இல்லை, எவை வேறு தொனியில் இருக்கின்றன என்று ஒரு மாணவர் உட்கார்ந்து ஒப்பிட்டால் முனைவர் பட்டத்துக்கான கேள்வி ஒன்று கிடைக்கும். விசா விதிகள் பற்றிய பத்திகளிலிருந்து தொடங்கலாம். நன்றி, வணக்கம்.