கஸ்தூரியார் வீதியின் வாய்க்கால்

வணக்கம்.

கலியாணம் பேசி முடித்தால் யாழ்ப்பாணத்தில் கால் தானாகவே கஸ்தூரியார் வீதிக்குத்தான் போகும். நகை அங்கேதான். ஆனால் வாங்கி முடித்த பிறகு அந்த வீதியில் ஒரு நிமிடம் ஆறுதலாக நிற்கிறோமா? மேலே வெயில், நடைபாதையில் மோட்டார் சைக்கிள், கீழே வாய்க்கால் நாற்றம். பையை இறுகப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடுகிறோம். சனம் நின்று கதைக்கிற வீதியாக அதை மாற்ற வேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் ஆசை.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் ஊரே வெளிக்கிட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது அப்பாவின் புடவைக் கடையில் பாதிக் கூரைதான் மிச்சம். அவர் கூரையைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வாய்க்காலில் இறங்கினார்.

"மாரி வரப்போகுது தம்பி. கூரைக்குப் படங்கு கட்டலாம். வெள்ளத்துக்கு என்னத்தைக் கட்டுறது?"

உடைந்த ஓடு, சுவர்ச் சாந்து, துருப்பிடித்த தகரம் என்று சட்டி சட்டியாக அள்ளினோம். அதற்குள் பித்தளைப் பூண் போட்ட ஒரு துணி அளக்கும் கோல் கிடந்தது. அது பக்கத்துக் கடைக்காரருடையது. அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அப்பா அதைக் கழுவி, புளி போட்டுத் துலக்கி, எங்கள் கடைச் சுவரில் மாட்டி வைத்தார். எங்கள் துணியை ஒருநாளும் அதால் அளந்ததில்லை.

எங்களைப் பார்த்து மற்றக் கடைக்காரரும் இறங்கினார்கள். அவரவர் சுவரிலிருந்து அடுத்தவர் சுவர் வரை. ஒரு கிழமையில் சந்தி வரை வாய்க்கால் சுத்தம். சரி, கார்த்திகை மழை வந்தது. சந்தியோடு எங்கள் வேலை முடிந்துவிட்டதல்லவா? அதற்கு அப்பால் அடைப்பு அப்படியே கிடந்தது. வெள்ளம் திரும்பி வந்து கடைக்குள் முழங்கால் அளவு நின்றது. கடைக்காரர் மட்டும் முயன்றால் இப்படித்தான்.

மற்றப் பக்கத்தையும் கண்டிருக்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு மாநகர சபை வாசலில் அழகான கல் பதித்துத் தந்தது. கடைக்காரர் ஒருவரையும் கேட்கவில்லை. நடைபாதை கடைத் தரையைவிட உயர்ந்து போனது. அந்த மாரிக்கும் நாங்கள் சாக்குத்தான் அடுக்கினோம்.

அதனால்தான் சொல்கிறேன், வாய்க்காலை இரண்டாகப் பிரிக்க முடியாது. மாநகர சபையும் கடைக்காரரும் ஒரே மேசையில் இருந்து, யார் எதைச் செய்வது என்று எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் கூட்டுவது யார் என்பதையும் சேர்த்து.

இது எங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. நல்லூர்த் திருவிழாவைப் பாருங்கள். 25 நாளும் சபை வீதியை மறித்துத் தருகிறது, குப்பை அள்ளுகிறது. தண்ணீர்ப் பந்தல் போடுவது யார்? குடும்பங்கள், சங்கங்கள், கடைக்காரர். மோர் வார்த்துக் கொடுக்க யாரும் அரசாங்க உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. ஆரியகுளமும் அப்படித்தான். குளம் பொதுச்சொத்து, 2021 இல் அதைத் திருத்திய பணம் ஒரு தனியார் அறக்கட்டளையுடையது. பொழுதுபட அந்தப் பக்கம் போனால், பிள்ளைகளோடு சனம் உலாவும்.

நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியோடு கலாசார மையம் உயர்ந்து நிற்கிறது. 2014 இல் யாழ்தேவி ரயிலும் திரும்பி வந்துவிட்டது. பெரியவை வந்தாயிற்று. அங்கிருந்து கடைத்தெருவுக்கு நடந்து வருகிறவருக்கு ஒரு துண்டு நிழல் வேண்டாமா? முந்தின கடைகளில் தூண் வைத்த விறாந்தை இருந்தது. மழைக்கு யாரும் ஒதுங்கலாம், வாங்கு போட்டிருக்கும். புதுக் கட்டடம் எழுப்புகிறவர்கள் அந்த விறாந்தைக்கு இடம் விட்டுக் கட்டினால், சபை வரியில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம். விறாந்தைக்கு இடம் விட்டால் வியாபாரம் குறையாது. நிழலில் நிற்கிறவர்தான் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

வாகனத் தரிப்பிடம் பற்றியும், இரவு விளக்குகள் பற்றியும் குறித்து வந்தேன். வானொலி அறைக் கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. அப்புறம், ஒரு சொல் கடைக்கார அண்ணைமாருக்கு. புரட்டாசி முடிவதற்குள் உங்கள் வாசல் மூடியைக் கிளப்பி ஒருதரம் உள்ளே பாருங்கள். அடைப்பிருந்தால் சபைக்கு எழுதுங்கள், பத்துக் கடை சேர்ந்து கையெழுத்து வைத்து. வணக்கம்.