உங்கள் கவுண்டியில் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைப் பார்ப்பது எப்படி? ஃப்ரீமாண்ட் சகோதரியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருப்பது. அப்படியே வாசிக்கிறேன்.

"வாடகை வீடு பார்த்துவிட்டோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் மேகன் சட்டம் என்று ஒரு பத்தி இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட பாலியல் குற்றவாளிகளின் விவரங்களை இணையத்தில் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இந்தக் குடியிருப்பில் அப்படி யாராவது இருப்பதால்தான் எழுதினார்களா? எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். எங்கள் கவுண்டி முழுவதற்கும் பார்க்க முடியுமா? பணம் கட்ட வேண்டுமா? யாராவது அருகில் இருப்பது தெரிந்தால் எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?"

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள், சகோதரி. அந்தப் பத்தி உங்களுக்காகத் தனியாக எழுதப்பட்டதில்லை. கலிஃபோர்னியாவில் குடியிருப்புக்கான வாடகை ஒப்பந்தமாக இருந்தாலும் விற்பனை ஒப்பந்தமாக இருந்தாலும் அந்த அறிவிப்பு இடம்பெற வேண்டும் என்பது சட்டம். பக்கத்தில் யாரும் இல்லாத வீட்டின் ஒப்பந்தத்திலும் அதே வாசகம்தான் இருக்கும். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த அறிவிப்பைத் தந்துவிட்டால் வீட்டுக்காரரோ தரகரோ அதற்கு மேல் உங்களுக்கு எதையும் தேடிச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே கையெழுத்திடுவதற்கு முன்பே பாருங்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேகன் கான்கா நியூ ஜெர்சியின் ஹாமில்டன் டவுன்ஷிப்பில் வாழ்ந்த ஏழு வயதுக் குழந்தை. 1994 ஜூலையில், எதிர் வீட்டில் வசித்த ஒருவன் அவளைக் கொன்றான். சிறுமிகளுக்கு எதிரான குற்றங்களுக்காக முன்பே தண்டனை பெற்றவன் அவன். அது அந்தத் தெருவில் இருந்த பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் மகள் இன்று உயிரோடு இருப்பாள் என்று அந்தத் தாய் தந்தையர் கேட்ட கேள்விதான் சட்டமாயிற்று. அதே ஆண்டு நியூ ஜெர்சி மாநிலச் சட்டம் வந்தது. 1996இல் நாடு முழுவதற்குமான கூட்டரசுச் சட்டமும் வந்தது. குற்றவாளிகளைக் காவல்துறையில் பதிவு செய்யும் வழக்கம் கலிஃபோர்னியாவில் 1947 முதலே இருந்தது. ஆனால் அது பொதுமக்கள் இணையத்தில் பார்க்கும்படி திறக்கப்பட்டது 2004 டிசம்பரில்தான்.

இப்போது பார்க்கும் முறைக்கு வருகிறேன். கலிஃபோர்னியா நீதித்துறையே நடத்தும் இணையதளம் இருக்கிறது. முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்: மேகன்ஸ்லா, புள்ளி, சிஏ, புள்ளி, ஜிஓவி. கடைசியில் ஜிஓவி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தேடுபொறியில் போட்டால் இதே போன்ற பெயரில் தனியார் தளங்களும் வரும். சில தளங்கள் கடன் அட்டை எண் கேட்கும், மின்னஞ்சலைக் கேட்கும். ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அரசின் தளம் முழுக்க இலவசம். உங்கள் பெயரைப் பதிவு செய்யவும் வேண்டாம். உள்ளே போனதும் பயன்பாட்டு நிபந்தனைகளை ஏற்கச் சொல்லும். அதைப் படிக்காமல் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். உங்கள் வாட்ஸ்அப் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு பெயரைக் கொண்டு தேடலாம், முகவரியைக் கொண்டு தேடலாம், நகரம், ஜிப் குறியீடு, கவுண்டி என்றும் தேடலாம். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு பகுதி. உங்களுடையது அலமீடா கவுண்டி. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. உங்களுடையது மிகவும் மக்கள் நெருக்கமுள்ளவற்றுள் ஒன்று. கவுண்டி பெயரைப் போட்டுத் தேடினால் ஓக்லாண்டிலிருந்து ஃப்ரீமாண்ட் வரை எல்லோரும் ஒரே பட்டியலில் வருவார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் மனம் பதறும், ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதனால் என் யோசனை இது. முதலில் வீட்டு முகவரியைப் போட்டுப் பாருங்கள். அடுத்து பள்ளியின் முகவரி. அதற்கடுத்து குழந்தைகள் மாலையில் போகும் பூங்கா, பாட்டு வகுப்பு, கணித வகுப்பு நடக்கும் இடங்கள். கடைசியாகக் கவுண்டி. கவுண்டித் தேடலை விட்டுவிடாதீர்கள் என்பதற்கும் காரணம் உண்டு. நிலையான வீடு இல்லாதவர்களும் பதிவேட்டில் இருக்கிறார்கள். அவர்கள் முப்பது நாளுக்கு ஒரு முறை காவல்துறையில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வீடே இல்லாதவரை வரைபடத்தில் எந்தக் கதவின் மேல் புள்ளி வைத்துக் காட்டுவது? நகரம், கவுண்டி என்று பட்டியலாகப் பார்க்கும்போதுதான் அவர்கள் கண்ணில் படுவார்கள்.

ஒருவருடைய பெயரைத் திறந்தால் புகைப்படம், உயரம், எடை, தழும்பு, பச்சை குத்திய அடையாளம், மாற்றுப் பெயர்கள், எந்தச் சட்டப் பிரிவில் தண்டனை என்பவை இருக்கும். தண்டனை பெற்ற ஆண்டும் கடைசியாக விடுதலையான ஆண்டும் பலருக்கு இருக்கும். அந்த இரண்டு ஆண்டுகளையும் கவனித்துப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குற்றம், அதன் பிறகு ஒன்றுமில்லை என்பது ஒரு நிலைமை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியே வந்தவர், குற்றமும் சிறு குழந்தைக்கு எதிரானது என்பது வேறு நிலைமை. புள்ளியை மட்டும் பார்த்து வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், திறந்து படியுங்கள். பதிவைப் புதுப்பிக்காமல் சட்டத்தை மீறிக்கொண்டிருப்பவர்களையும் தளம் தனியாகக் குறித்துக் காட்டும்.

எல்லோரும் அந்தத் தளத்தில் இருக்கிறார்களா என்றால், இல்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சிலருக்கு முழு முகவரி வரும், சிலருக்கு ஜிப் குறியீடு மட்டும் வரும், சிலர் காவல்துறையின் பதிவில் இருந்தாலும் பொதுமக்களுக்குக் காட்டப்படுவதே இல்லை. ஒருவர் எத்தனை காலம் பதிவில் இருக்க வேண்டும் என்பதற்கு 2021 ஜனவரி முதல் மூன்று படிநிலைகள் நடைமுறையில் இருக்கின்றன. முதல் படிக்குக் குறைந்தது பத்து ஆண்டு, இரண்டாம் படிக்கு இருபது ஆண்டு, மூன்றாம் படிக்கு ஆயுள் முழுவதும். முகவரி மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாதவர்களும் உண்டு. ஆகவே வரைபடத்தில் உங்கள் தெரு வெறுமையாக இருந்தால் அங்கே எவருமே இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள்.

மாநிலம் மாறினால் விதியும் மாறும். நியூ ஜெர்சியில் மாநிலக் காவல்துறை இந்தப் பதிவேட்டை நடத்துகிறது. எடிசன் பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் மிடில்செக்ஸ் கவுண்டி என்று தேடலாம். ஆனால் அங்கே குறைந்த அபாயம் என்று வகுக்கப்பட்ட முதல் படியினர் இணையத்தில் வருவதில்லை. நியூயார்க்கிலும் முதல் நிலையினர் இணையத்தில் இல்லை. அங்கே 1-800-262-3257 என்ற மாநில அரசின் எண்ணை அழைத்துக் கேட்கலாம். பெயர் மட்டும் சொன்னால் போதாது, முகவரி, பிறந்த தேதி போன்ற இன்னொரு அடையாளமும் சொல்ல வேண்டும். டெக்சஸில் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளம் இருக்கிறது.

எந்த மாநிலமானாலும் ஒரே இடத்தில் தேட வேண்டுமென்றால் கூட்டரசு நீதித்துறையின் தேசியத் தளம் இருக்கிறது: என்எஸ்ஓபிடபிள்யூ, புள்ளி, ஜிஓவி. அதற்கு ட்ரூ ஷோடின் என்ற மாணவியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2003 நவம்பரில் வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஒரு வணிக வளாகத்திலிருந்து அவர் கடத்தப்பட்டார். கடத்திக் கொன்றவன் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் பதிவு செய்யப்பட்டிருந்தவன். மாநில எல்லையைத் தாண்டினால் தகவல் நின்றுவிடுகிறது என்ற ஓட்டையை அந்தக் கொலை எல்லோருக்கும் காட்டியது. தேசியத் தளம் தனியாக ஒரு பட்டியலை வைத்திருப்பதில்லை. நீங்கள் கேட்டவுடன் ஐம்பது மாநிலங்களின் பதிவேடுகளையும் வாஷிங்டன் டிசி, ஆட்சிப்பகுதிகள், பங்கேற்கும் பழங்குடி அரசுகள் ஆகியவற்றின் பதிவேடுகளையும் தேடி விடையைக் கொண்டுவரும். அந்த விடையை அழுத்தினால் அந்தந்த மாநிலத் தளத்துக்கே போய்விடுவீர்கள். வேறு மாநிலத்திலிருந்து புதிதாக வந்தவரின் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் கலிஃபோர்னியா தளம் போதாது, இதையும் பாருங்கள்.

பெயர்த் தேடலில் ஒரு கவனம் வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். படம், வயது, மாற்றுப் பெயர் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்காமல் இவர்தான் அவர் என்று முடிவுகட்டிவிட்டால் ஒரு நிரபராதியின் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் அங்கே என்ன செய்தார் என்று இந்தத் தளங்களில் பார்க்க முடியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியாது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. அது காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்கக்கூடியது.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கலிஃபோர்னியாவில் ட்ரஸ்ட்லைன் என்ற அரசுப் பதிவு இருக்கிறது. குழந்தைப் பராமரிப்பாளரின் கைரேகையை எடுத்து, மாநிலக் குற்றப்பதிவு, எஃப்பிஐ பதிவு, குழந்தைகள் மீதான வன்கொடுமைக்கான மாநில அட்டவணை மூன்றிலும் சரிபார்த்த பிறகுதான் அதில் பெயர் ஏறும். வேலைக்கு வருபவரிடம் ட்ரஸ்ட்லைனில் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2000ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. காவல்துறைக்கு வந்த பாலியல் தாக்குதல் புகார்களில், பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருந்தபோது, குற்றம் செய்தவர்களில் சுமார் 34 சதவீதம் பேர் குடும்பத்தினர், சுமார் 59 சதவீதம் பேர் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாதவர்கள் சுமார் 7 சதவீதம்தான். நியூ ஜெர்சியில் மேகன் சட்டத்தின் விளைவை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வும், பாதிக்கப்படுவோர் எண்ணிக்கையை அந்தச் சட்டம் குறைத்ததற்குச் சான்று இல்லை என்றே சொன்னது. பதிவேட்டைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாருங்கள். ஆனால் அதற்குச் செலவிடும் நேரத்தைப்போல் பல மடங்கு நேரத்தைக் குழந்தைகளுடன் பேசுவதற்குச் செலவிடுங்கள். விருந்தினர் வந்தால் "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று நாம் குழந்தையைப் பிடித்துத் தள்ளுகிறோம். அது விலகினால் "மரியாதை தெரியாத பிள்ளை" என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறோம். பெரியவர் தொட்டால் மறுக்கக் கூடாது என்று நாமே கற்றுக்கொடுத்துவிட்டால் எந்த அரசின் வரைபடம் அந்தக் குழந்தையைக் காப்பாற்றும்? உன் உடம்பைத் தொட உனக்குப் பிடிக்கவில்லையென்றால் தாத்தாவிடமும் வேண்டாம் என்று சொல்லலாம், அம்மாவிடம் சொன்னால் அம்மா உன்னைத் திட்டமாட்டாள் என்று உங்கள் ஒன்பது வயது மகளிடமும் ஐந்து வயது மகனிடமும் சொல்லுங்கள். மகன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் கேள்விக்கு வருகிறேன். போடாதீர்கள். கலிஃபோர்னியா சட்டம் இந்தத் தகவலை அபாயத்தில் இருக்கும் ஒருவரைப் பாதுகாக்க மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒருவரைத் துன்புறுத்தி, அது சிறு குற்றமாக இருந்தால்கூட 10,000 டாலர் முதல் 50,000 டாலர் வரை அபராதம் உண்டு. பெருங்குற்றமாக இருந்தால் அதற்குரிய தண்டனையோடு மேலும் ஐந்து ஆண்டுச் சிறை. 2006 ஏப்ரலில் கனடாவிலிருந்து வந்த இருபது வயது இளைஞன் ஒருவன் மெய்ன் மாநிலப் பதிவேட்டில் முகவரிகளை எடுத்து, இரண்டு பேரை அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவருக்கு வயது 24. பதினாறு வயது நிரம்ப இரண்டு வாரம் இருந்த தன் காதலியுடன் உறவு கொண்டதற்காகப் பத்தொன்பது வயதில் தண்டனை பெற்றவர் அவர். இருநூறு பேர் உள்ள ஒரு குழுவில் ஒருவருடைய படத்தையும் வீட்டு எண்ணையும் போட்டுவிட்டால் அது எந்தக் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா? அந்த வீட்டில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும்கூட இருக்கலாம்.

குழுவில் எழுதத்தான் வேண்டுமென்றால், அந்த அரசுத் தளத்தின் முகவரியைப் போட்டு, அவரவர் பகுதியை அவரவரே பாருங்கள் என்று எழுதுங்கள். அந்த வீட்டுக்குத் தன் குழந்தையை வகுப்புக்கு அனுப்பும் ஒரு தாயை உங்களுக்குத் தெரியும் என்றால் அவரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள், அது பாதுகாப்புக்கான பயன்பாடுதான். பதிவில் உள்ள ஒருவர் அந்த முகவரியில் வசிக்கவில்லை என்றோ, குழந்தைகள் இருக்கும் இடத்தில் சந்தேகப்படும்படி நடந்துகொள்கிறார் என்றோ தெரிந்தால் நீங்களே போய் விசாரிக்க வேண்டாம். நகர எல்லைக்குள் என்றால் ஃப்ரீமாண்ட் நகரக் காவல்துறையின் அவசரமில்லாத அழைப்புகளுக்கான எண், நகராட்சி எதிலும் சேராத பகுதி என்றால் அலமீடா கவுண்டி ஷெரிஃப் அலுவலகம். கண்ணெதிரே ஆபத்து என்றால் 911. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும்படி கேளுங்கள்.