அவனா, அதுவா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபிராங்கன்ஸ்டைன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு சிக்கல் வரும். செத்தவர்களின் உடல் துண்டுகளை ஒட்டித் தைத்து விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி உயிர் கொடுத்தானே, அந்தப் பிறவி எழுந்து நின்றானா, எழுந்து நின்றதா? ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் கொஞ்ச நேரம் மழுப்பலாம். தமிழில் வினைமுற்று வந்ததும் திணை வெளியே தெரிந்துவிடும். நான் கவனித்தவரை, பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் பார்த்தவர்கள் "அது வந்துச்சு, அது கொன்னுச்சு" என்கிறார்கள். புதிய படத்தை மட்டும் பார்த்தவர்கள் "பாவம், அவன் என்ன செய்வான்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். விமர்சனமெல்லாம் அப்புறம். அவனா அதுவா என்பதிலேயே பாதி அபிப்பிராயம் வந்துவிடுகிறது.

மேரி ஷெல்லியின் நாவலை கியர்மோ டெல் டோரோ எடுத்திருக்கும் படத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். 2025 ஆகஸ்ட் 30 அன்று வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிட்டார்கள். அது மேரி ஷெல்லியின் பிறந்த நாளும்கூட. அக்டோபரில் சில வாரங்கள் திரையரங்குகளில் ஓடி, நவம்பர் 7 முதல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கதை முழுவதையும் நான் சொல்லப்போகிறேன், முடிவு உட்பட. இன்னும் படம் பார்க்காதவர்கள் வானொலியை அணைக்க வேண்டாம், நிலையத்தார் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். ஒலியை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அரங்க அமைப்பு, உடைகள், பனியில் சிக்கிய அந்தக் கப்பல் எல்லாம் பிரமாதம். கப்பலைக் கணினியில் வரையாமல் நிஜமாகவே கட்டியிருக்கிறார்கள், அந்தக் கனம் திரையில் தெரிகிறது. இரண்டரை மணி நேரம் கொஞ்சம் நீளம் என்கிறவர்கள் உண்டு. இந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரிடம் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சண்டை தொடங்குவது முகத்தில். "இவ்வளவு லட்சணமாக ஒரு பேயா? இதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் குறை. அந்தப் பிறவியாக நடித்த ஜேக்கப் எலோர்டி ஆறடிக்கு மேல் உயரமுள்ள அழகான இளைஞர். மைக் ஹில் என்ற ஒப்பனைக் கலைஞர் அவருக்குத் தலை முதல் கால் வரை ஒட்டுப்போட்டிருக்கிறார். முழு உடம்புக்கும் ஒப்பனை போட்ட நாட்களில் பத்து மணி நேரம் வரை உட்கார வேண்டியிருந்ததாம். அப்படியும் உள்ளே இருக்கும் அழகு மறையவில்லை, சலவைக்கல் சிலை ஒன்று உடைந்து மறுபடி ஒட்டியதுபோல இருக்கிறான்.

நாவலை எடுத்துப் பார்த்தால் இந்தக் குறை நிற்காது. விக்டர் அவனை எட்டடி உயரத்துக்குச் செய்கிறான், காரணம் சிறிய உறுப்புகளை இணைப்பது நேரம் பிடிக்கும் வேலை. அங்கங்களை அளவு பார்த்து, முகத்தை அழகு பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று அவனே சொல்கிறான். பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் பற்கள். ஆனால் அந்த மஞ்சள் தோலுக்கு அடியில் தசையும் நாளமும் தெரிகின்றன, கண் வெளிறிக் கிடக்கிறது, உதடு கறுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாக அழகு, சேர்ந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. தட்டையான தலையும் கழுத்தில் இரண்டு ஆணியும் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. அவை 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்துக்காக ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் போரிஸ் கார்லாஃபின் முகத்தில் உண்டாக்கியவை. அந்த முகம் யூனிவர்சல் நிறுவனத்தின் சொத்தாக இருந்ததால், 1957இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் அதே கதையை எடுத்தபோது வேறு முகம் கண்டுபிடிக்க வேண்டி வந்தது. "மூலத்துக்கு உண்மையாக இல்லை" என்று கோபப்படுகிற பலர் உண்மையாக இருப்பது மேரி ஷெல்லிக்கு அல்ல, ஜாக் பியர்ஸுக்கு.

இன்னொரு பழைய சங்கதி. 1823இல் இந்தக் கதை லண்டனில் நாடகமாக வந்தபோது, விளம்பரத் தாளில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் போடாமல் வெறும் கோடு போட்டிருந்தார்கள். மேரி ஷெல்லியே போய்ப் பார்த்தார், பெயரில்லாததற்கு இப்படிப் பெயர் வைத்தது அவருக்குப் பிடித்திருந்தது. 1931 படத்தின் தொடக்க எழுத்துகளில் அந்த இடத்தில் கேள்விக்குறி. கோடும் கேள்விக்குறியும் அவனா அதுவா என்ற நம் தடுமாற்றத்துக்கு நல்ல விடைகள்தான், வாயால் சொல்ல முடியாது என்பதைத் தவிர.

மூலம் மூலம் என்கிறோமே, எந்த மூலம்? முதல் பதிப்பு 1818 ஜனவரி 1 அன்று மூன்று தொகுதிகளாக, 500 பிரதிகள், ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது. 1831இல் அவரே திருத்தி எழுதினார். முதல் பதிப்பில் எலிசபெத் விக்டருக்கு அத்தை மகள். திருத்திய பதிப்பில் எங்கிருந்தோ எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தை. நமக்கு அத்தை மகள் என்றால் கேள்வியே எழாது, அவருக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. எழுதியவரே உறவை மாற்றியிருக்கும்போது, டெல் டோரோ அவளை விக்டரின் தம்பி வில்லியத்துக்கு நிச்சயித்த பெண்ணாக்கியதற்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன். விக்டரின் தாயாகவும் அந்தப் பெண்ணாகவும் மியா கோத் ஒருவரையே நடிக்க வைத்ததுதான் பார்க்கச் சங்கடம். சங்கடப்படட்டும் என்றுதான் வைத்திருக்கிறார். நாவலில் எலிசபெத் பெரும்பாலும் காத்திருக்கிறாள், கடிதம் எழுதுகிறாள், கடைசியில் கல்யாண இரவில் செத்துப்போகிறாள். படத்தில் வாய் திறந்து பேசுகிறாள். அது லாபம். விக்டரின் நண்பன் ஹென்றியைக் காணோம் என்றும் குறை சொன்னார்கள். எனக்கு அவனைத் தேடவே தோன்றவில்லை.

ஓநாய்களுக்கு வருகிறேன்.

படத்தில் ஓநாய்க் கூட்டம் ஒன்று வருகிறது, கணினியில் செய்தவை. "ஓநாய் பொம்மை மாதிரி இருக்கிறது" என்று பலரும் சிரித்தார்கள். பொம்மையாகத் தெரிவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவை அந்த இடத்தில் என்ன வேலை செய்கின்றன என்பதுதான் எனக்கு இடறுகிறது.

நாவலில் அந்தப் பிறவி காட்டோரம் ஒரு குடிசையை ஒட்டி ஒளிந்திருந்து, உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பல மாதம் பார்க்கிறான். அவர்கள் பேசுவதைக் கேட்டே மொழி கற்கிறான். இரவில் அவர்களுக்கு விறகு வெட்டிப் போடுகிறான். அந்த வீட்டுக் கிழவருக்குக் கண் தெரியாது. ஒருநாள் மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து உள்ளே போய்ப் பேசுகிறான். கிழவர் பயப்படவில்லை. உன் முகத்தை என்னால் பார்க்க முடியாது, ஆனால் உன் பேச்சில் நேர்மை இருக்கிறது என்கிறார். நேயர்களே, உலகத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல நேயர் அந்தக் கிழவர்தான். வானொலியில் பேச வந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அப்புறம் கதவு திறக்கிறது. மகன் ஃபீலிக்ஸ் உள்ளே வருகிறான், தந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த உருவத்தைப் பார்க்கிறான், பிடித்து இழுத்துத் தள்ளித் தடியால் அடிக்கிறான். ஃபீலிக்ஸ் கெட்டவன் இல்லை. அநியாயமாகச் சிறையிலிருந்த ஒருவருக்கு உதவப் போய் வீடு வாசலை இழந்தவன், நாவலிலேயே மிக நல்லவர்களில் ஒருவன். அவன் கையால் அடி விழுகிறது. அந்தப் பிறவி நினைத்தால் ஃபீலிக்ஸைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் கையை ஓங்கவில்லை.

படத்தில் என்ன நடக்கிறது? ஓநாய்கள் புகுந்து கிழவரைக் கடித்துக் கொல்கின்றன. திரும்பி வருகிறவர்கள் இவன்தான் கொன்றான் என்று நினைத்துச் சுடுகிறார்கள். பழி ஓநாய்க்கும் தவறான புரிதலுக்கும் போய்விடுகிறது. முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு நல்ல மனிதன் தடி எடுக்கிறான் என்ற அந்தக் கொடுமை காணாமல் போய்விட்டது.

படம் முழுக்க இப்படித்தான் பழி கைமாறுகிறது. நாவலில் விக்டருக்கு அன்பான அப்பா, அம்மா. அவன் ஏன் தன் படைப்பை விட்டு ஓடினான் என்பதற்கு வீட்டில் எந்தக் காரணமும் இல்லை. அந்த மஞ்சள் கண் திறந்ததும் பயந்து ஓடுகிறான், அவ்வளவுதான். படத்தில் பிரம்பெடுக்கும் கொடூரமான தந்தை ஒருவர் வருகிறார். அப்பன் அடித்தான், அதனால் மகன் தன் படைப்புக்குச் சங்கிலி போட்டான். புரிகிறது, கொஞ்சம் அதிகமாகவே புரிகிறது. "விக்டரை இப்படி முழு வில்லனாக்கிவிட்டார்களே" என்று பார்வையாளர்கள் சொல்லும்போது எனக்கும் அதேதான் தோன்றுகிறது. சாகக் கிடக்கும் வில்லியம் "நீதான் அரக்கன்" என்று அண்ணனிடம் சொல்லும் இடத்தில், எனக்குப் பின்னால் யாரோ "தெரியும்பா" என்று முணுமுணுத்தார்கள். அந்த மனிதரைத் தேடிப்பிடித்துக் கை குலுக்கியிருக்க வேண்டும்.

வில்லியத்துக்கு வருவோம். நாவலில் அவன் சின்னப் பையன். குழந்தை என்றால் வெறுக்கத் தெரியாது, இவனைத் தூக்கிப்போய் நண்பனாக வளர்க்கலாம் என்று நினைத்துத்தான் அந்தப் பிறவி கையைப் பிடிக்கிறான். பையன் அலறுகிறான், என் அப்பா ஃபிராங்கன்ஸ்டைன், உன்னைத் தண்டிப்பார் என்கிறான். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுக் கை தட்டுகிறது. இந்த உரையை எழுதியபோது இந்த இடத்தில் என் பேனா தானாக 'தட்டுகிறது' என்று எழுதியது. அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அதோடு முடியவில்லை. பையன் கழுத்திலிருந்த சிறிய ஓவியத்தை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண்ணின் உடையில் செருகிவைக்கிறான். செய்யாத கொலைக்கு அவளைத் தூக்கில் போடுகிறார்கள்.

படத்தில் ஜஸ்டினே இல்லை. வில்லியம் வளர்ந்த ஆள், கைகலப்பில் அடிபட்டுச் சாகிறான். எலிசபெத்தைக் கொல்வது விக்டரின் குறி தவறிய குண்டு. தொடக்கத்தில் கப்பலில் சில மாலுமிகளை அந்தப் பிறவி தூக்கி வீசிக் கொல்கிறான், உண்மை. ஆனால் அவர்களுக்குப் பெயர் இல்லை, படமும் சீக்கிரம் மறந்துவிடுகிறது. நம் மனதில் நிற்கிற எந்தச் சாவும் அவன் கணக்கில் இல்லை. அவனை நேசிக்க நமக்கு ஒரு சிரமமும் இல்லை.

இதை ஓர் இளம் நண்பரிடம் சொன்னேன். "நூறு வருஷமாக அவனைப் பேயாகவே காட்டினார்கள். ஒரு தடவை மகனாகக் காட்டினால் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கப்பல் அறையில் விக்டர் சாகும் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. மன்னித்துவிடு மகனே என்கிறார் தந்தை. மகன் மன்னிக்கிறான். பனியில் சிக்கிய கப்பலைத் தள்ளி விடுவித்துவிட்டுச் சூரிய உதயத்தைப் பார்த்து நிற்கிறான்.

நாவலிலும் அதே கப்பல், அதே சாவு. ஆனால் அங்கே விக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தேன், என்மேல் குற்றம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சாகிறான். அப்புறம்தான் அந்தப் பிறவி வந்து பிணத்தின்மேல் குனிந்து அழுகிறான். மன்னிப்புக் கேட்பது அவன். கேட்கப்படுகிறவன் செத்துவிட்டான், பதில் வராது. இதைத்தான் என் இளம் நண்பரிடம் நஷ்டம் என்றேன்.

ஒரு சின்ன மனத்தாங்கல், அதையும் சொல்லிவிடுகிறேன். படம் முடிந்ததும் திரையில் ஒரு கவிதை வரி வருகிறது. அது ஆங்கிலக் கவிஞர் பைரனுடையது. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் சொன்னபோது உடன் இருந்த 18 வயதுப் பெண்தான் மேரி. அவர் எழுதிய புத்தகம் பெயரில்லாமல் வந்ததால், அவர் கணவர் எழுதியது என்று பலர் நினைத்தார்கள். இருநூறு ஆண்டு கழித்து, அவர் கதையின் கடைசி வரியை அதே கோடையின் இன்னொரு ஆளிடம் போய்க் கடன் வாங்கியிருக்க வேண்டுமா?

படம் பிடித்து நாவலைத் தேடுகிறவர்கள் 1831 பதிப்பில் பதினோராம் அத்தியாயத்தைத் திருப்புங்கள். அங்கிருந்து ஆறு அத்தியாயங்கள் அவனே பேசுகிறான். பதினைந்தில் கிழவர் வருகிறார், பதினாறில் வில்லியம். அந்த இரண்டையும் ஒரே மூச்சில், முடிந்தால் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்கிறவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வணக்கம்.