வாசலில் நிற்பது அசோகா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாலைக் காபியைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

பேச ஆரம்பிக்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மண்டபத்துக்குள் வரும்போது சுற்றுச்சுவரை ஒட்டி, மடக்கிய குடையை நட்டுவைத்தது போல வரிசையாக மரங்கள் நிற்கின்றனவே, அவை என்ன மரம்?

கேட்டுவிட்டது. "அசோக மரம்" என்று பாதி அரங்கம் சொல்கிறது. நடுவர் ஐயாவின் உதடும் அசைந்தது, நான் பார்த்துவிட்டேன்.

ஐயா, அது அசோகு இல்லை. நெட்டிலிங்கம். அசல் அசோகு இப்படி ஈட்டி மாதிரி வளராது. கிளை பரப்பி நிற்கும். அடிமரத்திலும் கிளையிலும் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நெட்டிலிங்கத்தின் பூவோ இலைக்குள் இலையாகப் பச்சையாக இருக்கும், பூத்திருப்பதே பல பேருக்குத் தெரியாது. நெட்டிலிங்கம் சீத்தாப்பழத்தின் குடும்பம். அசோகு புளிக்கும் கொன்றைக்கும் சொந்தம். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஊருக்குள் இரண்டுக்கும் ஒரே பெயர்.

"நம் மண்ணின் பூக்களை அறிய உதவுவது ஊர்ப் பெயரே" என்று எதிரணி இதுவரை பேசியது. "அறிவியல் பெயரே" என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். கைதட்டல் அந்தப் பக்கம்தான் அதிகம் விழும் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறேன்.

இந்தப் பெயர்க் குழப்பம் வாசலோடு நின்றால் பரவாயில்லை. அசோகின் பட்டை, பெண்களின் உடல்நலக் குறைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக மருந்தாகிறது. அசல் அசோகு காட்டில் அருகிக்கொண்டே வருகிறது. அந்த இடத்தில் நெட்டிலிங்கப் பட்டை கலந்து வருவதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டு எழுதியிருக்கிறார்கள். வாங்குகிறவர் "அசோகப் பட்டை" என்று கேட்கிறார், விற்கிறவர் "அசோகப் பட்டை" என்று கொடுக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மருந்து மட்டும் பொய்யாகிவிடுகிறது. 'சராகா அசோகா' என்று அசல் அசோகின் அறிவியல் பெயரை எழுதிக் கேட்டிருந்தால் அங்கே நெட்டிலிங்கத்துக்கு வேலையே இல்லை.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை காந்தளை வைத்து ஒரு மாலையே கட்டிவிட்டார். காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று ஒவ்வொரு பெயரிலும் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு பருவம் இருக்கிறது, மண்ணுக்குள் கலப்பை போல வளைந்து கிடக்கும் கிழங்கின் உருவம் இருக்கிறது என்றார். நானும் கைதட்டினேன். மறுக்கவில்லை. அந்த அழகு காந்தளின் அறிவியல் பெயரான 'குளோரியோசா சூபர்பா'வில் இல்லையே என்று கேட்டார். அம்மா, அந்தப் பெயருக்கே 'புகழ் மிக்கது, மிகச் சிறந்தது' என்றுதான் அர்த்தம். வைத்தவனும் பூவைப் பார்த்து வாய் பிளந்துதான் வைத்திருக்கிறான்!

அதே செடி தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேக்கு அது தேசியப் பூ. மூலனூர்ப் பக்கம் கம்பிப் பந்தலில் கண்வலி சாகுபடி செய்பவர் விற்பது அதன் விதையை. அதிலிருந்து எடுக்கும் கால்சிசின், கீல்வாதத்துக்கு மருந்து. அளவு தப்பினால் உயிருக்கே விஷம். வெளிநாட்டில் வாங்குகிறவரிடம் போய் "கார்த்திகைப்பூ விதை" என்று சொல்லிப் பாருங்கள். விஷமும் மருந்தும் ஒரே செடியில் இருக்கும்போது ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு விளையாட முடியுமா?

சரி, கபிலருக்கு வருகிறேன். வராமல் போனால் எதிரணி விடாது. குறிஞ்சிப்பாட்டில் அவர் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். உலகத்தில் வேறு எந்த மொழிக் கவிஞன் இப்படி மூச்சு விடாமல் பூ சொன்னான் என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டினார். நியாயமான பெருமைதான். ஆனால் அந்த 99இல் எத்தனை பூவை நாம் இன்று விரல் நீட்டிக் காட்ட முடியும்? சிலவற்றில் சந்தேகமே இல்லை. சிலவற்றுக்கு ஒரு உரைகாரர் ஒன்று சொல்ல, ஒரு தாவரவியலார் வேறொன்று சொல்கிறார். அனிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகர்ந்தாலே வாடும் என்று வள்ளுவர் சொன்ன பூ. எந்தச் செடி அது? ஆளுக்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். பெயர் ஈராயிரம் ஆண்டு தாண்டி வந்து சேர்ந்துவிட்டது, பூ வழியில் எங்கேயோ தொலைந்துவிட்டது.

இது கபிலரின் குறை இல்லை. அவர் பாட்டு எழுதினார். செடியைக் கையோடு கட்டிவைக்கும் வழி அன்றைக்கு இல்லை. இன்றைக்கு இருக்கிறது. ஒரு செடிக்குப் புதிதாக அறிவியல் பெயர் சூட்ட வேண்டுமானால், அந்தச் செடியின் ஒரு கிளையை உலர்த்தி, தாளில் ஒட்டி, ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், வைத்தே ஆக வேண்டும். பெயரை அந்தத் தாளில் ஆணி அடித்த மாதிரிதான். நூறு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் போய்த் தாளைத் திறந்து பார்க்கலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அனிச்சத்துக்கு அப்படி ஒரு தாள் மட்டும் இருந்திருந்தால்! ஒரே ஒரு வாடிய பூ போதும் நமக்கு.

அப்புறம் குறிஞ்சி. மூணாறுப் பக்கம் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. ஆனால் நடுநடுவே "குறிஞ்சி பூத்தது" என்று செய்தி வருகிறது, வண்டி கட்டிக்கொண்டு கூட்டம் கிளம்புகிறது. எந்தக் குறிஞ்சி என்று யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில், அதாவது குறிஞ்சிகளின் கூட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் எத்தனையோ இனங்கள். சில ஆண்டுதோறும் பூக்கும், சில பல ஆண்டுகள் காத்திருந்து பூக்கும். பன்னிரண்டு ஆண்டுக்காரிக்கு 'குந்தியானா' என்று பெயர். அவளே மலைக்கு மலை ஆண்டு மாறிப் பூப்பதும் உண்டு. குறிஞ்சி என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

"உங்கள் அறிவியல் பெயர் அடிக்கடி மாறுகிறதே, எங்கள் பெயர் மாறவே இல்லையே" என்று ஒரு குத்து விட்டார்கள். மாறும். தப்பு தெரிந்தால் மாற்றுவோம். நெட்டிலிங்கமே சமீபத்தில் 'பாலியால்தியா'விலிருந்து 'மோனூன்' ஆகிவிட்டது, பழைய புத்தகம் வைத்திருக்கும் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் கீழாநெல்லியைப் பாருங்கள். பல காலம் அதை 'ஃபிலாந்தஸ் நிரூரி' என்றே எழுதினார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால் நிரூரி என்பது அமெரிக்காவில் வளரும் வேறு செடி. நாம் மஞ்சள் காமாலைக்குத் தேடுவது 'அமாரஸ்'. அமாரஸ் என்றால் கசப்பு, வாயில் போட்டவர்களுக்குப் புரியும். அந்த அமாரஸுக்கும் பூர்வீகம் அமெரிக்கப் பக்கம்தான் என்று தாவரவியலார் பலர் சொல்வது தனிக்கதை. நம் வேலியோரச் செடி எது, கப்பலேறி வந்தது எது என்று தெரிவதே இப்படிப் பெயரைப் பிரித்துப் பார்த்தபோதுதான். எங்கள் பெயர் மாறும்போது பழைய பெயரும் கூடவே பதிவாகிறது. ஊர்ப் பெயர் மாறாது என்கிறீர்களே, நெட்டிலிங்கம் அசோகானது எந்த ஆண்டு, யார் மாற்றியது? சொல்லுங்கள் பார்ப்போம்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எதிரணி குறித்துக்கொள்ளலாம். தாமரையையும் ஆம்பலையும், இந்த அறிவியல் பெயர் முறையை வகுத்த லின்னேயஸ் ஒரே பேரினத்தில் போட்டார். தமிழ் அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருந்தது. இன்றைய மரபணு ஆய்வு சொல்கிறது: தாமரைக்கு நெருங்கிய சொந்தம் ஆம்பல் இல்லை, குளிர்நாட்டுச் சாலையோரத்தில் நிற்கும் பிளேன் மரம். தண்ணீர்ப் பூவுக்குத் தரையில் மரம் சொந்தம்! தமிழ் ஜெயித்தது, சந்தோஷம். ஆனால் ஜெயித்தது என்று நமக்கு யார் வந்து சொன்னது? அதே அறிவியல்தானே, தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டு.

கடைசியாக, வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்ற கோபம். கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நம் வீட்டுக் கறிவேப்பிலையின் முதுகில் 'கோனிகி' என்று 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த லின்னேயஸின் மாணவர் கோனிக் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் செடியைக் காட்டிக்கொடுத்த நம் ஊர்க்காரர் பெயர் அதில் இல்லை. எனக்கும் அது உறுத்தும். ஆனால் முழுப் பந்தியும் அவர்களுடையது இல்லை. மகிழமரத்துக்கு 'மிமுசோப்ஸ் எலெங்கி' என்று பெயர், எலெங்கி யார்? நம் இலஞ்சி. கொச்சியில் டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்து 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற மலபார்ச் செடி நூல் வழியாக அது லின்னேயஸிடம் போனது. அந்த நூலுக்கு மூலிகை அறிவு தந்தவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். முருங்கைதான் 'மோரிங்கா'. மேலாநெல்லி 'மதராஸ்படென்சிஸ்', மதராசப்பட்டினமே அதற்குள் இருக்கிறது. பிடிக்காத பெயரை மாற்றவும் வழி உண்டு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் 'காஃப்ரா' என்ற சொல் இருநூறுக்கும் மேற்பட்ட செடிகளின் பெயரில் இருந்தது. 2024இல் மாட்ரிட்டில் கூடிய தாவரவியலார் வாக்கெடுத்து அதை 'ஆஃப்ரா' ஆக்கினார்கள்.

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன் ஐயா. அசோகுக்காக நான் ஒரு நர்சரிக்குப் போயிருந்தேன். "பூக்கிற அசோகு வேண்டும்" என்றேன். "எல்லாம் பூக்கும் சார்" என்று இரண்டு நெட்டிலிங்கக் கன்றைத் தூக்கிக் கொடுத்தார். அவர் ஏமாற்றவில்லை, அவருக்கு அதுதான் அசோகு. மறுவாரம் ஒரு சீட்டில் சராகா அசோகா என்று எழுதிக்கொண்டு போனேன். சீட்டைப் படம் பிடித்து, கேரளத்தில் தனக்குக் கன்று அனுப்புகிறவருக்கு அனுப்பினார். பத்து நாளில் வந்துவிட்டது. இப்போது இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, இளந்தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகிறது, பூக்க இன்னும் நாள் இருக்கிறது.

தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் நடுவர் ஐயா. வெளியே போகும்போது அந்தச் சுவரோரத்து மரங்களை மட்டும் அவற்றின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.