எத்தியோப்பிய ஓநாயும் மேய்ப்பர்களின் நாய்களும்

அவையோர்க்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவில் அழிந்துவரும் பாலூட்டிகள் என்றதும் காண்டாமிருகமும் கள்ளவேட்டைத் துப்பாக்கியும்தான் நம் நினைவுக்கு வரும். நைஜர் பாலைவனத்து அடாக்ஸ் மான், கென்யா–சோமாலியா எல்லையின் ஹிரோலா மான், தென்னாப்பிரிக்கக் கரூ வறள்நிலத்தின் ஆற்றோர முயல் என்று அந்தப் பட்டியல் நீளமானது. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எத்தியோப்பிய ஓநாய். உலகில் எஞ்சியிருப்பவை சுமார் 500. அவற்றில் பாதிக்கு மேல் எத்தியோப்பியாவின் பாலே மலையில் வாழ்கின்றன.

கடல்மட்டத்திலிருந்து 3000 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளிதான் இதன் வீடு. கூட்டமாக வாழ்ந்தாலும் வேட்டைக்குத் தனித்தனியாகத்தான் போகும். பாலேயில் முக்கிய இரை, வளை தோண்டி வாழும் பெருந்தலை மோல் எலி. அந்த எலி உயரமான மலைப் புல்வெளியை விட்டு இறங்காது. ஆகவே ஓநாயும் இறங்காது. கீழிருந்து பார்லி வயல்கள் ஏற ஏற, ஓநாய்க்கு மிஞ்சுவது உச்சி மட்டும்தான். அதற்கு மேல் ஏற மலை ஏது?

மாடுகளோடு மேய்ப்பர்களின் நாய்களும் மேலே வருகின்றன. அவற்றோடு ரேபிஸ் என்னும் வெறிநோயும் வருகிறது. ஒரு கூட்டத்தின் எல்லையில் அடுத்த கூட்டம் வாழ்வதால் நோய் வேகமாகத் தாவும். 2003இல் பாலேயின் வெப் பள்ளத்தாக்கில் சுமார் முக்கால் பங்கு ஓநாய்கள் மாண்டன. அப்போது எல்லா ஓநாய்களுக்கும் ஊசி போட முயலவில்லை. பள்ளத்தாக்குகளை இணைக்கும் குறுகிய வழிகளில் உள்ள சுமார் 70 ஓநாய்களைப் பொறிவைத்துப் பிடித்துத் தடுப்பூசி போட்டார்கள். நோய் அடுத்த பகுதிக்குப் பரவாமல் நின்றது. அளவைவிட இடம் முக்கியம் என்று காட்டிய வேலை அது.

ஆனால் நோய் வந்தபின் ஓடுவது தாமதம்தான். அதனால் 2018 முதல் வாய்வழித் தடுப்பு மருந்தை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். மருந்துப் பொதியை ஆட்டிறைச்சித் துண்டுக்குள் மறைத்து, ஓநாய் நடமாடும் இடத்தில் போடுவார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: ஓநாய் பொதியைக் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்து வாயின் உட்தோலிலும் தொண்டையிலும் பட்டால்தான் எதிர்ப்புச் சக்தி உருவாகும். முழுசாக விழுங்கினால் பலனில்லை. கூட்டத்தில் பெரும்பாலும் குட்டி போடுவது தலைமை ஜோடியின் பெண் மட்டுமே என்பதால், அந்த ஜோடிக்கு மருந்து போய்ச் சேர்வது மிக முக்கியம்.

இதனால் நாய்களுக்கு ஊசி போடும் வேலையை நிறுத்திவிட முடியாது. ஆண்டுதோறும் புதுக் குட்டிகள் பிறக்கின்றன, புது நாய்கள் மலையேறுகின்றன. இன்னொரு தொல்லை, நாயும் ஓநாயும் கலந்து குட்டி போடுவது. அதற்கு மருந்து கிடையாது; கருத்தடைதான் வழி.

ஆட்டிறைச்சியில் வைக்கும் இந்த மருந்து ரேபிஸை மட்டுமே தடுக்கும். 2010இல் பாலே ஓநாய்களைத் தாக்கிய டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாய்களிடமிருந்து வருவதுதான். அதற்கு இன்றும் ஒவ்வொரு ஓநாயாகப் பிடித்து ஊசிதான் போட வேண்டியிருக்கிறது.